காலிக் குப்பி

பெட்டியைத் திறந்ததும் உலர்பனியின் புகை.
புகைக்குள் ஒரு பை, பைக்குள் இன்னொரு பை,
அதற்குள் சுண்டுவிரல் உயரத்தில்
ஒரு கண்ணாடிக் குப்பி.
உள்ளே ஒன்றுமில்லை.

லீவிகா விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
கவிழ்த்துப் பார்த்தாள்.
யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு
காதருகே வைத்துத் தட்டியும் பார்த்தாள்.
முந்நூற்றுப் பத்து யூரோ.

தார்த்துவில் ஜனவரி,
மூன்றரை மணிக்கே ஜன்னலில் இருட்டு வந்து ஒட்டிக்கொள்ளும் மாதம்.
மேசை விளக்கையும் போட்டுவிட்டு
எழுதத் தொடங்கினாள்:
'மதிப்பிற்குரியீர்,
தாங்கள் அனுப்பிய குப்பி காலியாக'

"சுழற்றினாயா?" என்றான் உர்மோ,
வாசலுக்கு வெளியே நின்று கருப்பு ரொட்டி மென்றபடி.
(உள்ளே தின்னக்கூடாது.)
"பத்து மைக்ரோகிராம்தான்.
ஓர் இமைமுடியை ஐந்தாறாய் நறுக்கினால்
அதில் ஒரு துண்டு.
அதையும் உறையவைத்து, உலர்த்தி, சுவரில் பூசியிருப்பார்கள்.
கண்ணாடியில் மூச்சுப் பட்ட மாதிரி.
கடிதத்தை அனுப்பிவிடாதே."

இன்டர்லூகின் இரண்டு.
பெயர்தான் வாயில் இடறும். வேலை எளிது:
ஒரு வெள்ளணு இன்னொரு வெள்ளணுவிடம்
'பெருகு' என்பது.

மனித உடம்பின் சொல்.
ஆனால் இந்தக் குப்பியில் இருப்பதைச் சொன்னது மனித உடம்பல்ல.
குடலில் பிழைக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு
அந்தச் சொல்லின் எழுத்துகளை ஊட்டி
எஃகு அண்டாவில் இரவெல்லாம் ஓதவைத்தார்கள்.
அதற்குப் பொருள் தெரியாது.
தெரியாத வேகத்தில் ஓதி ஓதி,
ஓதியதை எல்லாம் கசக்கி உருட்டி
உடம்பின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தது.
யாரோ அதை உடைத்து, கரைத்து,
மடிப்பு மடிப்பாய் நீவி
மறுபடி சொல்லாக்கினார்கள்.

அன்னத்தையும் மேகத்தையும் தூதனுப்பியவர்கள்
இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.
இங்கே ஆள் வேறு ஓலை வேறு இல்லை.

ஒட்டுத்தாளில் சின்ன எழுத்து:
ஆய்வுக்கு மட்டும். மனிதருக்குச் செலுத்தலாகாது.
லீவிகா அதற்காக நிற்கவில்லை.
தினமும் கண்ணில் படுகிற வாசகம்,
பால் பாக்கெட்டின் தேதி போல.

சுழற்றினாள். நூறு மைக்ரோலிட்டர் நீர் விட்டாள்.
குலுக்காமல் ஐந்து நிமிடம்.
நீர் நீராகவே இருந்தது.

தட்டில் காத்திருந்தவை 4471-இன் அணுக்கள்.
ரத்த வங்கி தந்தது எண்ணை மட்டும்.
பள்ளி ஆசிரியையா, லாரி ஓட்டுபவரா,
கொடுத்த கையோடு ஆரஞ்சுச் சாறு குடித்தாரா, தெரியாது.
உசுப்பிவிட்டு இரண்டு நாள் பட்டினி போட்ட அணுக்கள்.
இனியும் சொல் வரவில்லையென்றால்
தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும்.

ஒரு சொட்டு.
மிச்சத்தை ஐந்து சிறு குழாய்களில் பங்கிட்டு
மைனஸ் எண்பதில் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை
சிவப்பாய் இருந்த திரவம் மஞ்சளுக்குப் போயிருந்தது.
நுண்ணோக்கியில் திராட்சைக் குலை, குலைக்குப் பக்கத்தில் குலை.
"உர்மோ," என்றாள்.
அவன் வந்து பார்த்துவிட்டு, சரி என்று மட்டும் சொன்னான்.
எஸ்தோனியர்கள் அதற்கு மேல் சொல்வது அபூர்வம்.

அன்று மாலைப் பேருந்தில்
பனி ஒட்டிய காலணியைத் தரையில் தட்டிக்கொண்டே
ஒரு தடித்த ஆள் நின்றிருந்தார்.
அவராக இருக்கலாம்.
பின்னிருக்கையில் தூங்கிய பெண்ணாகவும் இருக்கலாம்.
உன் அணுக்கள் பெருகிவிட்டன என்று
யாரிடம் போய்ச் சொல்வது?

எண்ணிக்கை முடிந்ததும் ப்ளீச்.
அரை மணி நேரம் ஊறவேண்டும், பிறகு தொட்டியில்.
ஏட்டில் எழுதினாள்: வேலை செய்தது.

குப்பி மேசையில் கிடந்தது.
இப்போது நிஜமாகவே காலி.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது.